கல்லூரி இல்லாத கல்லூரிக் காலம்

2020 மார்ச் 17 அன்று கொரோனா தொற்றை முன்னிட்டுத் தமிழ்நாட்டின் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் மூடப்பட்டபோது, அந்த மூடல் மாத இறுதி வரைக்கும் உரியதாகவே அறிவிக்கப்பட்டிருந்தது. விடுதி மாணவர்களில் பலர் மாற்றுடை சிலவற்றை மட்டும் பையில் திணித்துக்கொண்டு, புத்தகங்களையும் சான்றிதழ்களையும் அறையிலேயே விட்டுவிட்டு ஊருக்குப் புறப்பட்டனர். அவர்களுள் இறுதியாண்டினர் மீண்டும் வகுப்பறைக்குள் நுழைய அவ்வாண்டு டிசம்பர் ஆயிற்று; ஏனையோர் 2021 பிப்ரவரி வரை காத்திருக்க நேர்ந்தது. அந்தத் திறப்பும் மார்ச் மாதத்தைத் தாண்டவில்லை. இரண்டாம் அலை எழவே மறுபடியும் மூடப்பட்ட வளாகங்கள் செப்டம்பர் 1 அன்றுதான் திறந்தன. 2022 ஜனவரியில் ஓமைக்ரான் அலைக்காக இன்னொரு முறை மூடப்பட்டுப் பிப்ரவரியில் திறந்தன. 2019இல் மூன்றாண்டு இளநிலைப் படிப்பில் சேர்ந்த ஒருவர், தம் பட்டப்படிப்பின் ஏறத்தாழப் பாதிக் காலத்தை வீட்டின் ஒரு மூலையில், கைப்பேசித் திரையின் முன் கழித்திருக்கிறார் என்பதே இந்தத் தேதிகளைக் கூட்டிப் பார்த்தால் கிடைக்கும் கணக்கு.

இந்த நிலை தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. உலகெங்கும் 22 கோடிக்கும் அதிகமான உயர்கல்வி மாணவர்கள் கல்வி நிறுவனங்களின் மூடலால் பாதிக்கப்பட்டதாக யுனெஸ்கோ கணக்கிட்டது. இந்தியாவில் மட்டும் 2019-20 கல்வியாண்டின் அரசுக் கணக்கெடுப்பின்படி உயர்கல்வி பயின்றோர் 3.85 கோடிப் பேர். ஆயினும் தமிழ்நாட்டுக்கு இதில் தனியான ஒரு பொருள் உண்டு. உயர்கல்வி வயதினரின் மக்கள்தொகையோடு ஒப்பிடும்போது நூற்றுக்கு எத்தனை பேர் கல்லூரியில் சேர்ந்திருக்கிறார்கள் என்பதைக் காட்டும் மொத்தச் சேர்க்கை விகிதம் அந்த ஆண்டில் இந்தியா முழுமைக்கும் 27.1 ஆக இருக்க, தமிழ்நாட்டில் அது 51.4 ஆக இருந்தது. அந்த உயர்ந்த எண்ணுக்குள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள், அதாவது முதல் தலைமுறைப் பட்டதாரிகள், பெருந்திரளாக இருக்கின்றனர். கல்லூரி மூடப்பட்டபோது இவர்கள் இழந்தது பாடவேளைகளைக் காட்டிலும் மிகுதி என்பதைப் புரிந்துகொள்ளாமல், பெருந்தொற்று மாணவர்களின் மனத்தில் ஏற்படுத்திய காயத்தை அளக்க இயலாது.

கொரோனா நுண்மி முதியோரையும் நாட்பட்ட நோயுள்ளோரையும் வாட்டிய அளவுக்கு இளைஞர்களின் உடலை வாட்டவில்லை. அந்த உண்மையே மாணவர்களின் துயரம் பொதுப் பேச்சில் பின்தள்ளப்படுவதற்கும் காரணமாயிற்று. வீட்டில் சோறு இருக்கிறது, கையில் கைப்பேசி இருக்கிறது, படிப்பதற்கு என்ன குறை என்ற கேள்வியை அவர்கள் திரும்பத் திரும்ப எதிர்கொள்ள நேர்ந்தது. ஆனால் மனநலம் என்பது நோயின்மை மட்டுமன்று. காலையில் எழுந்து கிளம்புவதற்கு ஓர் இடம், நாளைப் பகுத்துத் தரும் ஒரு நேர ஒழுங்கு, ஒத்த வயதினரின் உடனிருப்பு, பெற்றோரின் பார்வைக்கு வெளியே தன்னைத் தானே அறிந்துகொள்ளும் வாய்ப்பு, உழைத்தால் பலன் உண்டு என்னும் நம்பிக்கை ஆகிய இவற்றைக் கல்லூரி எவருக்கும் சொல்லாமலேயே வழங்கிவந்தது. கொடிக்குக் கொழுகொம்புபோல நின்ற அந்த அமைப்பு ஒரே நாளில் அகற்றப்பட்டதுதான் மாணவர்களைச் சாய்த்தது. தொற்றைப் பற்றிய அச்சம் அதற்குப் பின்னரே வருகிறது.

பதினெட்டு முதல் இருபத்தைந்து வரையிலான வயதைத் தனியொரு பருவமாகப் பிரித்துக் காட்டியவர் அமெரிக்க உளவியலாளர் ஜெஃப்ரி ஆர்னெட். 2000ஆம் ஆண்டில் அவர் முன்வைத்த கருத்தின்படி, ‘அரும்பும் முதிர்பருவம்’ என்று தமிழில் குறிக்கத்தக்க இந்த வயதில் ஒருவர் குழந்தையாகவும் இல்லை, பொறுப்புகள் முழுவதும் ஏற்ற பெரியவராகவும் இல்லை. வேலை, காதல், கொள்கை ஆகிய மூன்றிலும் பலவற்றைத் தொட்டுப் பார்த்துத் தமக்கு உரியதைத் தெரிந்துகொள்ளும் இடைக்காலம் அது. வசதியுள்ள சமூகங்களை மனத்தில் கொண்டு உருவான கருத்து இது என்ற விமரிசனத்தில் நியாயம் உண்டு. பதினெட்டு வயதில் பனியன் கம்பெனிக்கோ வயலுக்கோ போய்விடும் இளைஞருக்கு இடைக்காலம் என்ற ஒன்றே வாய்ப்பதில்லை. ஆனால் அதே குடும்பத்துப் பிள்ளை கல்லூரியில் சேரும்போது அந்த இடைக்காலம் அவருக்குக் கிடைத்துவிடுகிறது. அவருடைய பெற்றோருக்குக் கிடைக்காத அந்தச் சில ஆண்டுகளைத் தருவதே கல்லூரியின் பெருங்கொடை என்று சொல்லத் தோன்றுகிறது.

இந்த வயதுக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. ரொனால்ட் கெஸ்லரும் உடன் ஆய்வாளர்களும் அமெரிக்க மக்களிடம் நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வின்படி, வாழ்நாளில் மனநலக் கோளாறுக்கு ஆளாவோரில் பாதிப் பேருக்கு அது 14 வயதுக்குள்ளும் முக்கால்வாசிப் பேருக்கு 24 வயதுக்குள்ளும் தொடங்கிவிடுகிறது. எனவே கல்லூரி மாணவர்கள் பெருந்தொற்று இல்லாத காலத்திலும் மனநோய்க்கு எளிதில் இலக்காகும் வயதினரே. தொற்று வந்தபோது அது ஏற்கெனவே மெலிந்திருந்த இடத்தில் விழுந்தது.

பாதிப்பின் அளவைப் பற்றிப் பேசுமுன், அது எவ்வாறு அளக்கப்படுகிறது என்பதை அறிந்துகொள்வது நல்லது. மனச்சோர்வு என்பது ஓரிரு நாள் வருத்தத்தைக் குறிப்பதன்று. குறைந்தது இரண்டு வாரங்களுக்கு மனம் வெறுமையுற்று, முன்பு விரும்பியவற்றில் நாட்டமிழந்து, உறக்கமும் பசியும் கெட்டு, தான் எதற்கும் உதவாதவர் என்ற எண்ணம் விடாமல் தொடர்வது. மனப்பதற்றம் என்பது வரக்கூடிய தீங்கைப் பற்றிய கவலை கட்டுக்கடங்காமல் பெருகி, நெஞ்சுப் படபடப்பாகவும் தூக்கமின்மையாகவும் எரிச்சலாகவும் உடலிலேயே வெளிப்படுவது. முன்னதைக் கணிக்க ஒன்பது கேள்விகள் கொண்ட படிவமும் பின்னதைக் கணிக்க ஏழு கேள்விகள் கொண்ட படிவமும் உலகெங்கும் பயன்படுகின்றன. மாணவர் தாமே நிரப்பும் இப்படிவங்கள் ஒருவரை மருத்துவரிடம் அனுப்ப வேண்டுமா என்பதைத் தெரிவிக்குமேயன்றி, அவருக்கு நோய் இருப்பதாகத் தீர்ப்புச் சொல்வதில்லை. அத்துடன் பெருந்தொற்றுக் காலத்துக் கணக்கெடுப்புகளில் மிகப் பல இணையவழியே நடந்தவை. இணையம் இல்லாதவர் அவற்றில் இடம்பெறவே இல்லை, மனம் நொந்தவர்கள் கூடுதலாகப் பதில் எழுதியிருக்கவும் கூடும். நூற்றுக்கு எழுபது, எண்பது பேருக்கு மனநோய் என்று பரபரப்பாக வெளிவந்த செய்திகளை இந்த எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும்.

எச்சரிக்கைகளை எல்லாம் கணக்கில் கொண்ட பின்னும் எஞ்சுவது சிறிதன்று. 2020ஆம் ஆண்டில் பெருந்தொற்றின் விளைவாக உலகில் கூடுதலாக 5.3 கோடிப் பேர் கடும் மனச்சோர்வுக்கும் 7.6 கோடிப் பேர் பதற்றக் கோளாறுகளுக்கும் ஆளானதாக லான்செட் மருத்துவ இதழில் 2021இல் வெளியான மதிப்பீடு தெரிவித்தது. ஆண்களைவிடப் பெண்களும், முதியோரைவிட இளையோரும் மிகுதியாகப் பாதிக்கப்பட்டனர் என்பது அதன் முதன்மையான முடிவுகளுள் ஒன்று. பிரான்சில் முதல் பொதுமுடக்கத்தின்போது ஏறத்தாழ 69,000 பல்கலைக்கழக மாணவர்களிடம் நடத்தப்பட்ட கணக்கெடுப்பில், நூற்றுக்கு 27 பேரிடம் உயர்ந்த அளவு பதற்றமும், 16 பேரிடம் கடுமையான மனச்சோர்வின் அறிகுறிகளும், 11 பேரிடம் தற்கொலை எண்ணங்களும் காணப்பட்டன. அந்த ஆய்வில் இவற்றைவிடக் கவலைக்குரிய எண் ஒன்று உண்டு. இத்தகைய அறிகுறி ஏதேனும் ஒன்று இருந்தவர்களுள் மருத்துவ உதவியை நாடியவர்கள் நூற்றுக்கு 12 பேர் மட்டுமே. மாணவர்களுக்கெனப் பல்கலைக்கழக நலவாழ்வு மையங்கள் நெடுங்காலமாக இயங்கிவரும் ஒரு நாட்டின் நிலை அது.

இவ்வாய்வுகளில் பெரும்பாலானவை தொற்று வந்த பின் எடுக்கப்பட்ட ஒற்றைப் படங்கள். அதற்கு முன் அந்த மாணவர்கள் எப்படி இருந்தார்கள் என்பதை அவற்றால் காட்ட முடியாது. அந்தக் குறை இல்லாத சிலவற்றுள் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் திமோன் எல்மர் முதலியோர் நடத்திய ஆய்வு தனிக் கவனத்துக்கு உரியது. மாணவர்களுக்கிடையே நட்பு வலைகள் எப்படி உருவாகின்றன என்பதை அறிவதற்காகப் பெருந்தொற்றுக்கு முன்பே அவர்கள் ஒரு மாணவர் கூட்டத்தைப் பின்தொடர்ந்து வந்தனர். யார் யாரோடு பேசுகிறார், யாரோடு அமர்ந்து படிக்கிறார், யாரிடம் மனம் திறக்கிறார் என்ற விவரங்கள் அவர்களிடம் இருந்தன. 2020 ஏப்ரலில் அதே மாணவர்களிடம் மீண்டும் கேட்டபோது, பேசிப் பழகும் வலையும் சேர்ந்து படிக்கும் வலையும் மெலிந்துபோயிருந்தன. தனியே படிப்போரின் எண்ணிக்கை கூடியிருந்தது. தனிமையுணர்வு, பதற்றம், மன அழுத்தம், மனச்சோர்வு அறிகுறிகள் ஆகியவை முன்னிலும் உயர்ந்திருந்தன. நண்பர்களின் கூடுகைகளைத் தவறவிடுகிறோமே என்ற பழைய கவலையின் இடத்தை உடல்நலம், குடும்பம், எதிர்காலம் பற்றிய கவலைகள் பிடித்திருந்தன. வலையின் ஓரத்தில் ஏற்கெனவே தனித்து நின்றவர்களும், ஆறுதலுக்கு ஆளற்றவர்களும், வீட்டில் துணையின்றி வசித்தவர்களும் மிகுதியாகச் சரிந்தனர். இடைவேளையில் தேநீர்க் கடை முன் நிற்கும் பத்து நிமிடம், பேருந்து நிறுத்தத்தில் நடக்கும் பேச்சு, தேர்வுக்கு முந்தைய இரவில் விடுதி அறையில் கூடிப் படிக்கும் கூட்டம் ஆகியவற்றைப் பாடத்திட்டம் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. மனநலம் அவற்றின் மேல்தான் நிற்கிறது என்பதை இந்த ஆய்வைப் போலத் தெளிவாகக் காட்டியவை குறைவு.

எல்லாம் ஒரே திசையில் கெட்டுப்போகவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 139 மாணவர்களின் உறக்கத்தை முன்னும் பின்னும் ஒப்பிட்டபோது, வீட்டிலிருந்து படித்த வார நாள்களில் அவர்கள் உறங்கிய நேரம் ஏறக்குறைய அரை மணி கூடியிருந்தது. விடியலில் எழுந்து வண்டி பிடிக்கும் கட்டாயம் நீங்கியதால், உடலின் இயல்பான கடிகாரத்துக்கும் வகுப்பு அட்டவணைக்கும் இடையிலிருந்த பூசல் தணிந்திருந்தது. கூட்டத்தில் கூச்சப்படுவோரும், கல்லூரியில் கேலிக்கும் துன்புறுத்தலுக்கும் ஆளானோரும் வீட்டில் சற்று நிம்மதி அடைந்ததுண்டு. ஆனால் சொந்த அறையும் அமைதியான வீடும் உள்ளவர்க்கே அந்த நிம்மதி நீடித்தது.

தமிழ்நாட்டில் அத்தகைய வீடுகள் எத்தனை மாணவர்களுக்கு இருந்தன என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வி. தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 2017-18 அறிக்கை, இந்திய ஊரகக் குடும்பங்களில் கணினி உள்ளவை நூற்றுக்கு 4.4 என்றும் இணைய வசதி உள்ளவை 14.9 என்றும் காட்டியது. பொதுமுடக்கத்தின்போது கைப்பேசிகள் பெருகின என்றாலும், ஒரு வீட்டில் இருந்த ஒற்றைத் திறன்பேசியை அண்ணனும் தங்கையும் பள்ளிப் பிள்ளையும் பங்கிட்டுக்கொண்டனர். அலைவரிசை கிடைக்காத ஊர்களில் மாணவர்கள் மொட்டை மாடியையும் ஊர்க்கோடி மேட்டையும் தேடிச் சென்றனர். 2021 ஜனவரியில் தமிழ்நாடு அரசு 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு இரண்டு ஜிபி தரவு அளிக்கும் அட்டைகளை இலவசமாக வழங்க அறிவித்தது பயனுள்ள நடவடிக்கை. ஆயினும் அதற்குள் இணையவழிக் கல்வி பல மாதங்களைக் கடந்துவிட்டிருந்தது, அந்த மாதங்களில் ‘ரீசார்ஜ்’ செய்யக் காசு கேட்பதே வேலையிழந்த தந்தையின் முன் நிற்கும் பிள்ளைக்குப் பெரும் வேதனையாக இருந்தது.

வசதி இருந்தவர்களையும் இணையவகுப்பு களைப்புறச் செய்தது. காணொளிக் கூட்டங்கள் மனிதரை ஏன் இவ்வளவு சோர்வடையச் செய்கின்றன என்பதை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லன்சன் 2021இல் விளக்கினார். எல்லா முகங்களும் மிக அருகிலிருந்து நேருக்கு நேர் பார்ப்பதுபோல் தோன்றுவது, தம் முகத்தைத் தாமே இடையறாது பார்த்துக்கொண்டிருக்க நேர்வது, உடல் அசையாமல் ஒரே சட்டத்துக்குள் அடங்கியிருப்பது, நேரில் தாமாகவே புரியும் சாடைகளையும் தலையசைப்புகளையும் திரையில் முயன்று உணர வேண்டியிருப்பது ஆகிய நான்கும் மூளையின் உழைப்பைப் பெருக்குகின்றன என்பது அவருடைய கருத்து. தமிழ்நாட்டு வகுப்புகளில் இதற்கு நேர்மாறான ஒரு துயரமும் சேர்ந்துகொண்டது. ஓட்டு வீட்டின் சுவரும் பின்னால் நடமாடும் குடும்பத்தாரும் சக மாணவர் கண்ணில் படுமே என்ற கூச்சத்தால் ஒளிப்படக் கருவியை அணைத்துவைத்தவர்கள் ஏராளம். ஆசிரியர் அறுபது கறுப்புக் கட்டங்களை நோக்கிப் பேசினார், மாணவர் தம் பெயர் மட்டும் எழுதிய ஒரு கட்டமாகச் சுருங்கினார். கல்லூரிச் சீருடையிலும் விடுதிச் சாப்பாட்டிலும் ஓரளவு மறைந்திருந்த ஏழ்மை, இணையவகுப்பில் ஒவ்வொரு நாளும் வெளிப்பட்டுவிடும் அபாயத்தில் இருந்தது.

வீடு திரும்புவது எல்லோருக்கும் பாதுகாப்பிடம் திரும்புவதாக அமையவில்லை. மாணவிகளைப் பொறுத்தவரை, கல்லூரி நேரம் என்று ஒன்று இருந்தவரை ஒத்திவைக்கப்பட்டிருந்த சமையல், துவைப்பு, முதியோர் கவனிப்பு ஆகியவை வீட்டுக்குள் வந்த அன்றே அவர்கள் தோளில் ஏறின. வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே அடுப்படிக்கு அழைக்கப்படுவது வழக்கமாயிற்று. படிப்புதான் நின்றுபோய்விட்டதே என்ற காரணத்தோடு வரன் பேச்சும் தொடங்கியது. மாணவர்களில் பலர் கட்டட வேலைக்கும், வண்ணம் பூசும் வேலைக்கும், உணவு கொண்டுசேர்க்கும் வேலைக்கும், தாயோடு நூறு நாள் வேலைக்கும் சென்றனர். உழைப்பில் இழிவேதும் இல்லை. ஆனால் காதில் கேட்பொறியைச் செருகிக்கொண்டு, வருகைப்பதிவுக்காக வகுப்பில் நுழைந்து, கையால் செங்கல் சுமந்த இளைஞர் தாம் மாணவரா தொழிலாளியா என்ற குழப்பத்தை ஒவ்வொரு நாளும் சுமந்தார். சாதித் தெருவின் கண்காணிப்பிலிருந்தும், குடிக்கும் தந்தையின் வன்முறையிலிருந்தும் நாள்தோறும் எட்டு மணி நேரமாவது விலகியிருக்க உதவிய ஒரே இடம் கல்லூரியாக இருந்தவர்களுக்கு, அந்த மூடல் சிறைவாசமாகவே அமைந்தது.

பதற்றத்தை வளர்ப்பதில் துன்பத்தைவிட நிச்சயமின்மைக்கு வலிமை மிகுதி என்பது உளவியலில் நெடுநாளாக அறியப்பட்டது. தீங்கு இன்ன நாளில் வரும் என்று தெரிந்தால் மனம் அதற்கு ஆயத்தமாகிவிடும். வருமா வராதா என்று தெரியாமல் காத்திருக்கும்போது மூளை ஓயாத விழிப்புநிலையில் தன்னை எரித்துக்கொள்கிறது. தேர்வுகள் நடந்த விதம் மாணவர்களை இந்த நிலையிலேயே இரண்டு ஆண்டுகள் வைத்திருந்தது. இறுதிப் பருவத் தேர்வுகளை நடத்தியே தீர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2020 ஜூலையில் அறிவிக்க, வழக்குகள் தொடரப்பட்டு, உச்ச நீதிமன்றம் ஆகஸ்டு 28 அன்று அக்குழுவின் நிலைப்பாட்டை ஏற்றது. அதே ஆகஸ்டில், கட்டணம் செலுத்தியிருந்தோர்க்கு அரியர் தேர்வுகளிலிருந்து விலக்கு என்று தமிழ்நாடு அரசு அறிவித்ததும் மாநிலமெங்கும் மாணவர்கள் கொண்டாடினர். பல ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த தோல்விகள் ஒரு கையெழுத்தில் நீங்கிய மகிழ்ச்சி அது. தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழு அதை எதிர்த்தது, வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் மாதக்கணக்கில் நீடித்தது, தேர்ச்சி பெற்றவர் தாம் உண்மையிலேயே தேர்ச்சி பெற்றவர்தாமா என்று தெரியாமல் வேலைக்கு விண்ணப்பித்தார். பொறியியல் மாணவர்களுக்கு இன்னொரு சோதனை காத்திருந்தது. 2021 தொடக்கத்தில் செயற்கை நுண்ணறிவின் கண்காணிப்போடு நடந்த இணையவழித் தேர்வுகளில் ஏராளமானோரின் முடிவுகள் முறைகேட்டு ஐயத்தால் நிறுத்திவைக்கப்பட்டன. குரல் கேட்டதும், தலை திரும்பியதும், இணைப்பு அறுந்ததும் குற்றச் சான்றுகளாகப் பதிவாகியிருக்கலாம் என்ற அச்சம் மாணவர்களிடையே பரவியது. புதிய அரசு பொறுப்பேற்ற பின் மே மாதத்தில் மறுதேர்வு அறிவிக்கப்பட்டது. ஒரு வீட்டில் நான்கு பேர் வசிக்கையில், தேர்வெழுதுபவரின் அறையில் மனிதக் குரலே கேட்கக் கூடாது என்று ஓர் இயந்திரம் எதிர்பார்த்தது.

இப்படி வாங்கிய பட்டத்தைச் சமூகம் எப்படிப் பார்த்தது என்பது அடுத்த காயம். ‘கொரோனா பேட்ச்’ என்ற பெயர் முதலில் விளையாட்டாகவே தோன்றியது. படிக்காமல் தேறியவர்கள் என்ற ஏளனமாக அது விரைவில் திரிந்தது. 2021 ஆகஸ்டில் மதுரையில் நடக்கவிருந்த நேர்முகத் தேர்வுக்காகத் தனியார் வங்கி ஒன்று வெளியிட்ட விளம்பரத்தில், 2021இல் பட்டம் பெற்றோர் விண்ணப்பிக்கத் தகுதியற்றவர் என்ற வரி இடம்பெற்றிருந்தது. எதிர்ப்பு எழுந்ததும் அது அச்சுப்பிழை என்று அந்த வங்கி விளக்கம் தந்து விளம்பரத்தைத் திருத்தியது. பிழையாகவே இருந்தாலும், மாணவர்கள் தங்களைப் பற்றி இரகசியமாக அஞ்சிக்கொண்டிருந்ததை அந்த ஒரு வரி அச்சில் காட்டிவிட்டது. செய்யாத குற்றத்துக்குத் தண்டனை என்ற இந்த உணர்வு, தன்மதிப்பை அரிப்பதில் தோல்வியைவிடக் கொடியது.

இழப்பைப் பற்றியும் தனியே பேச வேண்டும். அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ் 1970களில் உருவாக்கிய ‘தெளிவற்ற இழப்பு’ என்னும் கருத்து, உடலைக் காணாமல், சடங்கு முடிக்காமல், இழந்தோமா இல்லையா என்ற தீர்மானம் இல்லாமல் தொங்கும் துயரத்தைக் குறிக்கிறது. முடிவு இல்லாததால் அத்துயரம் ஆறுவதுமில்லை. பிரிவு உபசார விழாவும், கடைசி நாள் குழுப்படமும், பெற்றோர் வந்து பார்க்கும் பட்டமளிப்பும் இல்லாமல் முடிந்த கல்லூரி வாழ்க்கை அத்தகைய ஓர் இழப்பே. அதனினும் பெரிது, 2021 ஏப்ரல், மே மாதங்களில் உயிர்வளிக்கும் படுக்கைக்கும் அலைந்து தந்தையையோ தாயையோ பறிகொடுத்து, முகம் பார்க்காமல், உறவினர் கூடாமல் அடக்கம் நடந்ததைத் தொலைவிலிருந்து கண்ட மாணவர்களின் இழப்பு. பெற்றோரை இழந்த குழந்தைகளுக்காக ஒன்றிய அரசும் தமிழ்நாடு அரசும் வைப்புத்தொகையும் கல்வி உதவியும் அறிவித்தன. போற்றத்தக்க அத்திட்டங்கள் 18 வயது நிறைவடையாதவர்களுக்கு உரியவை. பத்தொன்பது வயதில், இரண்டாம் ஆண்டு படிக்கையில், வீட்டின் ஒரே வருவாயை இழந்த மாணவர் சட்டத்தின் கண்ணில் பெரியவராகிவிட்டார். தம்பி தங்கையர்க்குப் பொறுப்பாளராகவும் ஆனார். கட்டணம் கட்ட வேண்டிய அந்தப் பெரியவரின் துக்கத்துக்கு அத்திட்டங்களில் பத்தி ஒதுக்கப்படவில்லை.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் பதிவுகளின்படி இந்தியாவில் தற்கொலையால் இறந்த மாணவர்கள் 2019இல் 10,335 பேர். 2020இல் 12,526 பேர். 2021இல் 13,089 பேர். பள்ளி மாணவர்களையும் உள்ளடக்கிய எண்கள் இவை. வகுப்பறைகள் மூடியிருந்த 2020இல்தான் முந்தைய ஆண்டைவிட 21 விழுக்காடு உயர்வு நேர்ந்தது. 2021இன் மாநிலவாரிக் கணக்கில் மகாராட்டிரம், மத்தியப் பிரதேசம் ஆகியவற்றை அடுத்து 1,246 மரணங்களோடு தமிழ்நாடு மூன்றாம் இடத்தில் இருந்தது. எந்தவொரு தற்கொலைக்கும் ஒற்றைக் காரணம் இருப்பதில்லை, இந்த உயர்வு முழுவதையும் தொற்றின் கணக்கில் எழுதவும் முடியாது. ஆனால் இவை தடுத்திருக்கக்கூடிய மரணங்கள். உரிய நேரத்தில் ஒருவர் உடனிருந்து கேட்டால் அந்த எண்ணத்தின் கூர்மை தணிகிறது என்பது இத்துறையில் உழைப்போர் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை. மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் சென்னையில் தொடங்கிய சிநேகா அமைப்பு அந்த நம்பிக்கையின் மேல்தான் இத்தனை ஆண்டுகளாக நிற்கிறது.

தொற்றின்போது அரசு கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடவில்லை. மாணவர்களுக்கு உளவியல் துணை நல்க ‘மனோதர்ப்பண்’ என்ற திட்டம் 2020 ஜூலையிலும், பொதுமக்கள் அனைவருக்குமான ‘கிரண்’ தொலைபேசிச் சேவை செப்டம்பரிலும் தொடங்கப்பட்டன. இவற்றால் பயன்பெற்றோர் உண்டு. எனினும் தொலைபேசியில் மனம் திறக்கத் தனிமை வேண்டும். வீட்டைவிட்டு வெளியே செல்லத் தடை உள்ள காலத்தில், ஒற்றை அறை வீட்டில், தாயின் கைப்பேசியிலிருந்து ஒரு பெண் தன் உயிர் வெறுத்ததைப் பற்றி யாரிடம் பேச முடியும்? இதற்குப் பின்னணியில் பழைய பற்றாக்குறை ஒன்றும் இருந்தது. நிம்ஹான்ஸ் நிறுவனம் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வயதுவந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் மனநலக் கோளாறோடு வாழ்ந்தனர். கோளாறின் வகையைப் பொறுத்து அவர்களில் எழுபது முதல் தொண்ணூற்றிரண்டு விழுக்காட்டினர் சிகிச்சையே பெறவில்லை. மனநல மருத்துவரைப் பார்த்தால் பைத்தியப் பட்டம் வரும், பெண்ணாயின் திருமணம் தடைப்படும் என்ற அச்சம் இந்த இடைவெளியின் பெரும் பகுதியைக் காத்துவருகிறது.

இருட்டுக்கு நடுவே மாணவர்கள் தாமே கண்ட வழியும் ஒன்று உண்டு. இரண்டாம் அலையின் உச்சத்தில், எந்த மருத்துவமனையில் படுக்கை காலி, எங்கே உயிர்வளி உருளை கிடைக்கும் என்ற தகவல்களைத் திரட்டிச் சரிபார்த்துச் சமூக ஊடகங்களில் பகிர்ந்தவர்களில் கல்லூரி மாணவர்கள் முன்வரிசையில் இருந்தனர். முன்பின் அறியாதவர்க்காக இரவெல்லாம் விழித்த அந்தப் பணி அவர்களைக் களைப்புறச் செய்தது, சாவுச் செய்திகளை நெருங்கிக் கேட்க வைத்தது. அதே பணி, எதற்கும் உதவாமல் வீட்டில் கிடக்கிறோம் என்ற உணர்விலிருந்தும் பலரை மீட்டது. பிறர்க்குத் தேவைப்படுகிறோம் என்ற அறிவு மனச்சோர்வுக்கு எதிரான வலுவான பாதுகாப்புகளுள் ஒன்று. பாடத்திட்டத்துக்கு வெளியே, எவரும் கற்பிக்காமல், அவர்கள் அதைக் கண்டுகொண்டனர்.

வளாகங்கள் திறந்த பின் எல்லாம் தாமாகச் சீராகும் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தது. இரண்டாம் ஆண்டில் முதன்முதலாக வகுப்பறையைப் பார்த்த மாணவர்கள் நூலகத்துக்கு வழி கேட்டனர். மூன்று மணி நேரம் உட்கார்ந்து கையால் எழுதும் பழக்கம் பலருக்கு விட்டுப்போயிருந்தது. எழுந்து நின்று ஐயம் கேட்கும் துணிவு குறைந்திருந்தது. நிறுவனங்களோ விட்டுப்போன பாடங்களை முடிக்கும் வேகத்தில், விளையாட்டு நேரத்தையும் மன்றக் கூட்டங்களையும் குறைத்து, சனிக்கிழமைகளிலும் வகுப்பு வைத்தன. மாணவர்களுக்கு மிகத் தேவையாக இருந்தது எதுவோ, அதுவே முதலில் வெட்டப்பட்டது என்பதைச் சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது.

அதற்குப் பின் சில முன்னேற்றங்கள் நிகழ்ந்திருக்கின்றன. உலக மனநல நாளான 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் இருபத்து நான்கு மணி நேரமும் கட்டணமின்றி, தமிழிலும் அழைக்கலாம். உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் வகுத்த வழிகாட்டு நெறிகளின்படி நூறோ அதற்கு மேலோ மாணவர் உள்ள கல்வி நிறுவனங்கள் பயிற்சி பெற்ற உளவியல் ஆலோசகர் ஒருவரையேனும் நியமிக்க வேண்டும். தமிழ்நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் இந்தப் பொறுப்பு இன்றளவும் ‘மென்ட்டார்’ எனப்படும் வழிகாட்டி ஆசிரியரிடமே இருக்கிறது. இருபது முப்பது மாணவர்க்கு ஒருவர் என்ற அந்த ஏற்பாட்டில் அக்கறையோடு உழைக்கும் ஆசிரியர்கள் பலர் உண்டு. ஆனால் அவரே அக மதிப்பெண் இடுகிறார், வருகைப்பதிவில் கையெழுத்திடுகிறார், பெற்றோரைத் தொலைபேசியில் அழைக்கும் அதிகாரமும் அவரிடமே உள்ளது. மூன்று வாரங்களாக உறக்கமின்றித் தவிக்கும் மாணவி, அதைச் சொன்னால் வீட்டுக்குத் தகவல் போய்ப் படிப்பே நிறுத்தப்படும் என்று கணக்கிட்டு, காய்ச்சல் என்று விடுப்புக் கடிதம் எழுதுகிறார். மதிப்பெண் பதிவேடும் பெற்றோரின் எண்ணும் கையில் இல்லாத, கதவு சாத்திய ஓர் அறையில் அமர்ந்து கேட்பதற்கென்றே ஊதியம் பெறும் ஒருவரை ஒவ்வொரு கல்லூரியிலும் அமர்த்துவதற்கு அடுத்த பெருந்தொற்று வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.